எண்பத்தாறு வயதுக்காரனின் இரண்டு மணி நேரம்

நாற்பது முறை மெல்ல வேண்டும் என்று சொன்னவன் நான்தான், ஆகவே காத்திருக்க வேண்டியவனும் நான்தான். எதிரே சவரிமுத்து ஒரு விள்ளல் இட்லியை வாயில் வைத்துக்கொண்டு தாடையை ஆட்டிக்கொண்டிருக்கிறார், இருபத்தேழு, இருபத்தெட்டு, கண் பாதி மூடியிருக்கிறது, உள்ளே எண்ணுகிறார், அவர் எண்ணுவதை நானும் எண்ணுகிறேன். என் தட்டில் நாலு இட்லியும் போய்ச் சேர்ந்து சட்னியின் பச்சைக் கோடு மட்டும் மிச்சம். எப்படி அதற்குள் முடித்தீர்கள் என்று கேட்டார், பல் பலமாக இருந்தால் நாற்பது சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன், தலையாட்டினார், என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார், அதுதான் வினையே. பக்கத்து மேஜையில் ஒருவன் மெதுவடையைப் பிய்க்கிறான், அந்த மொறுமொறுப்பு என் காதுக்குள் வந்து விழுகிறது, எனக்கு ஒரு வடை வேண்டும், சொல்ல முடியாது, எண்ணெய்ப் பண்டம் தொட்டு இருபத்தாறு வருஷம் ஆயிற்று என்று இந்த மனிதரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், முந்தாநாள் மார்க்கெட் முனையில் தின்ற மூன்று வாழைக்காய் பஜ்ஜிக்கு அது தெரியாது. முப்பத்தொன்பது, நாற்பது, விழுங்கினார், பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டார். ஏழு ஐம்பத்திரண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. எதிர்ச்சாரி லேப்பில் வெறும் வயிற்றில் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்த ரிஸ்வானா என்கிற பெண், முதல் வாய் வைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு சரியாக இரண்டு மணி நேரம் கழித்து வாங்க தாத்தா என்றது. முப்பத்தாறு வருஷம் தபாலாபீஸில் தேதி முத்திரை குத்திய கை இவருடையது, குறிக்காமல் விடுமா. ஒன்பது ஐம்பத்திரண்டு வரைக்கும் நான் இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் இன்னொரு அரை மணி. அப்புறம்தான் தெரியும், நான் சும்மா பொய் சொன்னவனா, இல்லை ஒரு மனிதனைப் பொய்யாலேயே கொன்றவனா என்று.

நேற்றுக் காலை பள்ளிக்கூட மைதானத்தில் மூன்றாவது சுற்றில்தான் அந்தக் குண்டைப் போட்டார். "ஈஸ்டருக்கு மறுநாள்ல இருந்து நானும் நிறுத்திட்டேன் ஐயா." எதை என்றேன், காப்பியாக இருக்கும் என்று நினைத்தேன். "சக்கரை மாத்திரையை. நீங்க காவேரியில விட்ட மாதிரி நான் செம்பருத்தித் தொட்டியில புதைச்சிட்டேன். வீட்டுல லூர்துகிட்டகூட மூச்சு விடல." மார்க் வாங்கிய பிள்ளை சிலேட்டைக் காட்டுவது மாதிரி முகம். சம்சாரத்துக்குத் தெரியாமல், டாக்டருக்குத் தெரியாமல், நாலு மாசம். என் கால் நின்றுவிட்டது, செம்பருத்தி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன், வாயில் அதுதான் வந்தது, நன்றாகப் பூக்கிறது என்றார். காவேரிக் கதை ஞாபகம் வந்தது. அறுபதாவது வயதில் எனக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மாத்திரை, ஒரு ஆடிப்பெருக்கன்று அத்தனையையும் ஓயாமரிப் படித்துறையில் வீசிவிட்டேன், அந்த இடத்து மீன்களில் இன்றைக்கும் ஒன்றுக்குக்கூடச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ கிடையாது, வேண்டுமானால் பிடித்துப் பரிசோதித்துக்கொள் என்று மைதானத்தில் நடக்கிறவர்களிடம் சொல்லியிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சவரிமுத்துவும் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையைப் புதைத்திருக்கிறார். ஒரு மனிதன் மீனை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் எப்படி நம்புவான். என் இடுப்பு மடிப்பில் இப்போதும் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டை இருக்கிறது, உட்காரும்போது குத்துகிறது, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று, பதினோரு வருஷமாக ஒரு வேளை விட்டதில்லை, விட்டால் என் சம்சாரம் கனகவல்லி சோறு போட மாட்டாள். இவரை இழுத்துக்கொண்டு வந்து சோதிக்க நேற்று முழுக்கப் பேச வேண்டியிருந்தது, கடைசியில் "நீங்களும் குடுத்தா நானும் குடுக்கிறேன் ஐயா" என்றார், அதனால் என் ரத்தமும் இப்போது ஒரு கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. என் உடம்பு ஒன்றுதான் என் கதையை நம்பாத ஆள், அதைப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்.

வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போட்டவனில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மைதானத்து வேப்பமரத்தடிப் பெஞ்சில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பீடியை விட்டு ஒரு மாசம்தான் ஆகியிருந்தது, விட்டபின்தான் இருமல் கூடும் என்று யாரும் சொல்லவில்லை, அப்போது இந்த மனிதர் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஐயாவுக்கு எண்பது இருக்குமா" என்றார். எனக்கு எழுபதுதான் நடந்துகொண்டிருந்தது. எண்பது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என்னைக் குமரன் என்று கூப்பிட்டவர்கள் உண்டு, முடி அப்படி, இன்றைக்கு ஒருத்தன் பத்து வருஷத்தைச் சும்மா தூக்கித் தலையில் வைக்கிறான். எழுபது என்று சொன்னால் பரிதாபப்படுவான், அந்தப் பரிதாபத்தை என்னால் பார்க்க முடியாது, அதனால் "எண்பத்து மூணு" என்றேன். அவ்வளவுதான், அந்த முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. "பார்த்தா தெரியலையே ஐயா" என்றார். ஒரே ஒரு வார்த்தையில் என் உடம்பு இளமையாகிவிட்டது. இருமல்கூட எண்பத்து மூன்றுக்கு நல்ல இருமலாகிவிட்டது, முட்டிவலி கௌரவமாகிவிட்டது. வயதைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டும், ஊரே கைகொட்டும். ஆனால் கைகொட்டினவர்கள் அடுத்த கேள்வி கேட்பார்கள், எப்படி இப்படி இருக்கிறீர்கள் என்று. அதற்கு நான் என்ன சொல்வது, பாய்லர் ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் இரட்டை ஷிப்டு பார்த்து, இரும்புத் தகடு மேல் தூங்கி, நாளைக்கு இரண்டு கட்டு பீடி, சம்பள நாளில் சாராயம், பசித்தபோது டீ, தூக்கம் வந்தபோது டீ என்று வளர்த்த உடம்பு இது என்றா. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். நாற்பது முறை மெல்லு. சூரியன் இறங்குவதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடி. சாப்பிட்டதும் நூறு அடி நட. பல் விளக்கும்போது கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நில், மேல்வரிசைக்கு இடது கால், கீழ்வரிசைக்கு வலது கால். ஒன்பது மணிக்குப் படு. ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, கையில் இருப்பு இல்லாமல் சில நாள் நடக்கிற வழியிலேயே யோசித்துக்கொண்டு போவேன். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போய்ப் பொங்கல் சாப்பிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் செய்தார்.

லேப் பெஞ்சுக்கு வந்துவிட்டோம். வருகிற வழியில் நூறு அடி எண்ணினார், தொண்ணூற்றாறில் லேப் வாசல் வந்துவிட்டது, நாலு அடியைப் பெஞ்சைச் சுற்றி நடந்து முடித்தார். மின்விசிறி கடக் கடக்கென்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தட்டுகிறது, மருந்து வாடை, என் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, ஊசி போன இடம் லேசாகக் கடுக்கிறது. பக்கவாட்டில் அவரைப் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறார். இது ஒரு மாசமாக எனக்குத் தெரியும், நானே மைதானத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, பாருங்கடா என் சிஷ்யனை, தொப்பை எங்கே போச்சு என்று காட்டியிருக்கிறேன். பெல்ட்டில் ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டை இருக்கிறது. ஆனால் இது எந்த மெலிவு. நடந்து மெலிந்த மெலிவா, உள்ளுக்குள் சர்க்கரை அரித்து மெலிந்த மெலிவா. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். என்னோடு வேலை பார்த்த தங்கராசும் இப்படித்தான் மெலிந்தான், என்னடா கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாய் என்று கேலி செய்தோம், அப்புறம் ஒரு நாள் கால் சுண்டுவிரலில் புண், அப்புறம் சுண்டுவிரல் இல்லை, அப்புறம் பாதம் இல்லை. தங்கராசை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அவன் ஒற்றைச் செருப்போடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறான். "தாகமா இருக்கா" என்று சவரிமுத்துவிடம் கேட்டேன். "இல்லியே ஐயா." ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறீர் என்றேன். "ஒரு தரம். சில நாள் அதுவும் இல்ல. ஏன்?" சும்மாதான் என்றேன். தாகம் இல்லை, எழுந்திருப்பதில்லை, அது நல்லது, ஆனால் இந்த மனிதர் எதையும் வெளியே சொல்லாத ஆள், நாலு மாசம் செம்பருத்தித் தொட்டியை மனதிலேயே வைத்திருந்தவர். கால்விரலைப் பார்க்கலாமா. செருப்புக்குள் பெருவிரல் தெரிகிறது, நகம் சுத்தமாக வெட்டியிருக்கிறது, சுண்டுவிரல் தெரியவில்லை. கீழே குனிந்து பார்க்க முடியாது, குனிந்தால் எனக்கு எழுந்திருக்க ஆள் வேண்டும், எண்பத்தாறு வயதில் தரையிலிருந்து கையூன்றாமல் எழுவேன் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது முப்பத்தெட்டு. கதவுக்குப் பக்கத்தில் போய் ஒற்றைக்காலில் நிற்கிறார். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது காலில், அசைவே இல்லை, ஊசி போட வந்த சின்னப் பெண் ஒன்று அம்மாவின் முந்தானையை இழுத்துக் காட்டுகிறது. நான் ஒரே ஒரு முறை செய்து பார்த்தேன், வீட்டுக் குளியலறையில், மூன்றாவது விநாடியில் சுவர் என்னைப் பிடித்துக்கொண்டது, நெற்றி வீக்கத்துக்குக் கனகவல்லியிடம் அலமாரிக் கதவு என்று சொன்னேன். வெளியிலும் பொய், வீட்டிலும் பொய், இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வதற்கே மூளை தேய்கிறது. காலையில் கவுண்டரில் அந்த ரிஸ்வானா வயது கேட்டபோது சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தேன், அதற்குள் இவர் முன்னால் குனிந்து, தன் சொத்தைக் காட்டுவது மாதிரி, "ஐயாவுக்கு எண்பத்தாறும்மா" என்றார். அந்தப் பெண் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "எண்பத்தாறா, நல்லா இருக்கீங்க தாத்தா" என்று கம்ப்யூட்டரில் தட்டிவிட்டது. அந்த ஒரு விநாடி எனக்கு இனித்தது என்பதுதான் கேவலம். பயந்துகொண்டிருக்கும்போதுகூட இனித்தது. இவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் லூர்துமேரி என்னைப் பார்த்து என்ன கேட்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள், கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்புகிற கேக்கை இந்த வருஷமும் கொடுத்தனுப்புவாள், அதுதான் தாங்காது. சொல்லிவிடலாம். இப்போதே, இந்தப் பெஞ்சிலேயே. சவரிமுத்து, எனக்கு எழுபத்து மூன்று. சொல்லிப் பார்த்தேன், உள்ளுக்குள்தான், எழுபத்து மூன்று என்றதும் முதுகு தானாக வளைகிற மாதிரி இருந்தது, மூட்டு கூடுதலாக வலித்தது. எண்பத்தாறில் நான் அதிசயம், எழுபத்து மூன்றில் நான் ஒரு கிழவன், அதுவும் வயதுக்கு மீறிக் கிழண்டுபோனவன். காலை மாற்றிக்கொண்டார், இப்போது வலது கால். ஒன்பது நாற்பது. மின்விசிறி தட்டுகிறது. யாராவது அதற்கு எண்ணெய் விட்டால் என்ன.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு இரண்டாம் முறை எடுத்தார்கள், பத்தரைக்குத் தாளைக் கொடுத்தார்கள், அதற்கு நடுவில் நான் நினைத்ததை எழுதினால் யாருக்கும் நல்லதில்லை. அதே கட்டடத்தில் மாடியறையில் டாக்டர், என் பேரன் வயது இருக்கும், சவரிமுத்துவின் தாளை வாசித்துக்கொண்டே பழைய தாளையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மார்ச்சுல மூணு மாச சராசரி எட்டரை, அதுவும் மாத்திரையோட. இப்ப மாத்திரை இல்லாம ஏழு புள்ளி ஒண்ணு. என்னங்க பண்ணீங்க" என்றார். எட்டரை. ஏழு. ஏழு சின்னதா எட்டரை சின்னதா என்று எனக்கு ஒரு விநாடி விளங்கவில்லை, சின்னதுதான், குறைந்திருக்கிறது, சவரிமுத்து மெலிந்தது நல்ல மெலிவுதான், தங்கராசு எழுந்து போய்விட்டான், என் நெஞ்சிலிருந்து ஒரு ரயில் எஞ்சினைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது, எஞ்சினைத் தூக்கின பாரம் எனக்குத் தெரியும், உண்மையாகவே கிரேனில் தூக்கியிருக்கிறேன். சவரிமுத்து வரிசையாகச் சொன்னார், மெல்லுவது, நடப்பது, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு, ஒன்பது மணித் தூக்கம், கொக்கு. "நல்ல பழக்கமெல்லாம்தான். விடாதீங்க. ஆனா ஏழு புள்ளி ஒண்ணுங்கிறது இன்னும் சரியாயிட்டதா அர்த்தம் இல்ல. மாத்திரையை நீங்களா நிறுத்தினது தப்பு, உங்க அதிர்ஷ்டம் ஒண்ணும் ஆகல. ரெண்டு வேளையை ஒரு வேளையா ஆக்கித் தர்றேன், இன்னிக்கே ஆரம்பிங்க" என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார். சவரிமுத்து கையை நீட்டவில்லை. "வேணாம் டாக்டர்" என்றார், மரியாதையாக, முத்திரை விழாத கவரைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. "ஐயாவுக்கு எண்பத்தாறு. ஒத்த மாத்திரை போடறதில்ல. நானும் அப்படியே போயிடறேன்." டாக்டர் என் தாளை எடுத்தார். "எண்பத்தாறு. சக்கரை எல்லைக் கோட்டுல நிக்குது. சிறுநீரகம் வடிகட்டுற அளவு ஐம்பத்தொன்பது, அறுபதுக்குக் கீழ போயிருக்கு, அதான் நட்சத்திரம் போட்டிருக்கு. வயசையும் வச்சுத்தான் இந்தக் கணக்கு வரும், எண்பத்தாறுக்கு..." "எண்பத்தாறு இல்ல" என்றேன்.

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். அறையில் மின்விசிறிகூட இல்லை, ஏசி, சத்தமே கிடையாது. "எழுபத்து மூணு" என்றேன், இடுப்பு மடிப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன், "ரத்தக்கொதிப்புக்கு. பதினோரு வருஷமா ரெண்டு வேளை. காவேரியில நான் எதையும் போடல சவரிமுத்து. போட்டது ஒரு தரம் செருப்பை, அதுவும் தானா போச்சு." அவரைப் பார்க்க முடியவில்லை, பிளாஸ்டிக் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டாக்டர் போனை எடுத்து, "ரிஸ்வானா, கலியமூர்த்தி ஐயா வயசை எழுபத்து மூணுன்னு மாத்தி அந்தத் தாளை எடும்மா" என்றார். ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு இருக்கும், அந்தப் பெண் சூடான தாளோடு வந்து என்னை முறைத்துவிட்டுப் போனது. அறுபத்து நாலு. நட்சத்திரம் இல்லை. உண்மை சொன்ன ஒரே நிமிஷத்தில் சிறுநீரகம் தேறின முதல் ஆள் இந்தத் திருச்சி ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன், இதை நாளைக்கு மைதானத்தில் எப்படிச் சொல்லலாம் என்று மனம் அதற்குள் ஜோடிக்க ஆரம்பித்துவிட்டது, சீ, அடங்கு என்றேன். சவரிமுத்து நிதானமாகக் கேட்டார். "அப்ப எனக்கு மூணு வருஷம்தான் மூத்தவரு." ஆமாம் என்றேன். என்னை நன்றாகப் பார்த்தார், நெற்றி, கழுத்துச் சுருக்கம், கைவிரல் நடுக்கம், எல்லாவற்றையும். "பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார். டாக்டர் இருமுவது மாதிரி திரும்பிக்கொண்டார். "நாப்பது மெல்லறது?" "கீழ்வரிசை கட்டுப்பல்லுய்யா எனக்கு." "ஒத்தக்கால்?" "சுவத்துல முட்டிக்கிட்டேன்." "பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு?" "பத்து மணிக்குப் பரோட்டா." அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரட்டும், வந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த மனிதர் கையை நீட்டி டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்து நாலாக மடித்தார். "எனக்குள்ள ஒரு பயம் இருந்துச்சுய்யா" என்றார் கடைசியில், "எண்பத்தாறுல இவ்வளவு கஷ்டப்பட்டு இவரு இருக்காரே, நம்மளால இன்னும் பதினாறு வருஷம் இதையெல்லாம் கட்டிக் காக்க முடியுமான்னு. பரவால்ல. எண்பத்தாறே இல்ல, இனி பார்த்துப் பயப்பட ஆளே கிடையாது." ஐயா என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்ட வாய், அதே மூச்சில், "எந்திரியும் யோவ் கலியமூர்த்தி" என்றது. அந்த யோவ் என் முதுகில் விழுந்த தட்டு மாதிரி இருந்தது. என் வயது எனக்கே திரும்பக் கிடைத்தது, பதிமூன்று வருஷம் எடை குறைந்தது, கதவு வரைக்கும் முட்டிகூட வலிக்கவில்லை.

கீழே மருந்துக்கடை வாசலில் வெயில் ஏறிவிட்டது. அட்டையை வாங்கினார், ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார், வெள்ளையாக, நீளவாட்டில், பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தது நான்தான். வாயில் போட்டார், தண்ணீரை ஊற்றினார், குரல்வளை மேலே போய்க் கீழே இறங்கியது, நான் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன், நாலு மாசத்துக்கு அப்புறம் முதல் மாத்திரை உள்ளே போய்விட்டது, அப்பாடா என்று மூச்சை விட்டேன். அப்போதுதான் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது, "கலிய..." என்றார், கால் மடங்குகிற மாதிரி இருந்தது. பாட்டில் அவர் கையிலிருந்து விழுந்து உருண்டது, இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டர் டாக்டர் என்று நான் மாடிப்படியைப் பார்த்துக் கத்தினேன், மருந்துக்கடைக்காரர் கல்லாவைத் தாண்டி வந்துவிட்டார். சவரிமுத்து ஒற்றைக் கண்ணைத் திறந்தார். பொய் சொல்லவே தெரியாத மனிதர், எழுபது வருஷத்தில் முதல் பொய், சிரிப்பை அடக்கத் தெரியவில்லை, கன்னம் துடிக்கிறது, நிற்கிறார், ஒற்றைக்காலில். நான் நம்பிவிட்டேன். அவர் சட்டையை விடத் தோன்றவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.